பேனாக்கத்தியின் கூர் எத்தனை நாள் நிற்கும்?

நம் தலைமுறைக்குப் பேனாக்கத்தி என்றால் சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தி. பென்சில் சீவ, மாங்காய் கீற, சணல் கயிறு அறுக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. வாத்து இறகில் எழுதிய காலத்தில் இறகின் முனை சீக்கிரம் பிசிறிப் போகும். எழுதுகிறவர் அடிக்கடி அதைச் சீவிப் பிளந்து சரி செய்துகொள்ள வேண்டும். அதற்காக மேசையில் வைத்திருந்த சின்னக் கத்திக்கு ஆங்கிலத்தில் வந்த பெயரைத்தான் நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். இறகு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இறகு சீவும் கத்திக்கு ஒரு குணம் இருந்தால் போதும். வைத்த கூர் நிற்க வேண்டும். இன்றைக்குக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மடக்குக் கத்திகளிலும் மனிதர்கள் தேடுவது அதைத்தான். அதனால் கத்தியின் அடிப்பக்கத்தில் 440 என்றும், டி2 என்றும், 8 சிஆர் 13 எம்ஓவி என்றும் வாய்பாடு மாதிரி எழுத்துகளைப் பொறித்து விற்கிறார்கள். எழுத்து நீளமாக இருந்தால் கூர் நீண்ட நாள் நிற்கும் என்று வாங்குகிறவர் நம்பிக்கொள்கிறார். எஃகுக்கு எஃகு கூர் நிற்பது எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. நம்ம பரங்கிப்பேட்டையும் அந்தக் கதையில் வருகிறது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கத்தி மழுங்குகிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று நான்கு வியாதிகள். எஃகு மிருதுவாக இருந்தால் கூர்முனை ஒரு பக்கமாக மடங்கிவிடும். அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் பல் பல்லாக உடையும். அட்டை, மண் ஒட்டிய கயிறு போன்றவற்றை அறுத்தால் தேய்ந்து போகும். எலுமிச்சம்பழம் நறுக்கித் துடைக்காமல் வைத்தால் துரு முனையைத் தின்னும். ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் இன்னொன்று கூடும். எஃகு செய்கிறவர்களின் தலைவலி முழுவதும் இதுதான்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர் கத்திக்குப் பேர் போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கத்திக்கான எஃகை, தேனிரும்புப் பட்டைகளைக் கரியில் புதைத்து நாள்கணக்கில் சூடாக்கிச் செய்தார்கள். கரி வெளியிலிருந்து உள்ளே இறங்குவதால் தோலில் ஒரு குணம், நடுவில் ஒரு குணம். ஒரே கத்தியில் ஓரிடம் நிற்கும், ஓரிடம் மழுங்கும். டான்காஸ்டர் ஊர்க் கடிகாரக்காரர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மனுக்குக் கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரே சீரான எஃகு வேண்டியிருந்தது. 1740களில் அந்த எஃகை மண் மூசையில் போட்டு முழுக்க உருக்கிப் பார்த்து வெற்றி கண்டார். ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் அதை வாங்க மறுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ரொம்பக் கெட்டி, எங்கள் சம்மட்டிக்கு மசியவில்லை என்றார்களாம். ஹன்ட்ஸ்மன் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்றார். பிரான்சிலிருந்து நல்ல கத்திகள் போட்டிக்கு வந்த பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

மூசையில் உருக்குவது நமக்குப் புதிதல்ல. உருக்கு என்ற சொல்லே அதற்குச் சாட்சி. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழைய உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். தென்னிந்திய உருக்கு ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் லண்டனுக்குப் போனது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த உருக்கில் கத்தி செய்து பார்த்து மெச்சிக்கொண்டார். அதன் ரகசியம் என்ன என்று தேடும் ஆசையில்தான் அவரும் இளைஞர் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம் என்று கலந்து பார்த்தார்கள். பின்னாளில் மின்சாரத்துக்காக உலகம் கொண்டாடிய அதே ஃபாரடேதான். அவர் கொல்லர் மகன் என்பதையும் சொல்ல வேண்டும். 1820இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளைப் படித்த பிரெஞ்சுக்காரர் பியர் பெர்த்தியே, அடுத்த ஆண்டு இரும்பில் குரோமியத்தைக் கலந்து ஒரு கத்தியும் ஒரு சவரக் கத்தியும் செய்தார். அந்தக் கலவையை அமிலம் எளிதில் அரிக்கவில்லை என்பதையும் கவனித்தார். அந்த விதை முளைக்கத் தொண்ணூறு ஆண்டு ஆயிற்று.

இப்போது பரங்கிப்பேட்டைக்கு வருகிறேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். சேலம் பக்கத்து இரும்புக் கல்லைப் பார்த்தவருக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உலை தொடங்கினார். சேலத்துக் கல், காட்டுக் கரி, கடற்கரைத் துறைமுகம் என்று கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பணம் கரைந்தது. கம்பெனியிடம் கடன் மேல் கடன் வாங்கியும் தொழில் தலைதூக்கவில்லை. நம் ஊர் உருக்கு செய்யும் முறையைப் பற்றி 1839இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. எகிப்தியர் கருங்கல்லில் சித்திர எழுத்துச் செதுக்கியது இந்திய உருக்கு உளியால்தான் இருக்க வேண்டும் என்று அதில் அடித்துச் சொல்கிறார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மனுஷனுக்கு நம் உருக்கின் மீது இருந்த பிரியம் புரிகிறது.

அதே 1839இல் அவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை எடுத்தார். ஷெஃபீல்டில் நல்ல மூசை எஃகுக்கு ஸ்வீடன் இரும்பு வேண்டும், அதன் விலை அதிகம். உள்நாட்டு இரும்பில் கந்தகம் முதலிய அழுக்குகள் உண்டு. அதிலிருந்து செய்த எஃகு அடித்தால் விரிசல் விடும். மூசையில் கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் இந்தக் குறை நீங்குகிறது என்று ஹீத் கண்டுபிடித்தார். மலிவு இரும்பிலிருந்து கத்திக்கு ஏற்ற எஃகு கிடைத்தது. சாதாரண வீட்டின் சாப்பாட்டு மேசைக்கும் வார்ப்பெஃகுக் கத்தி வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மலிவு விலைக் கத்திக்கு ஒரு தகப்பன் பெயர் சொல்ல வேண்டுமென்றால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

தகப்பனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மாங்கனீஸைக் கரியோடு முன்கூட்டியே சேர்த்துத் தயாரித்துப் போடுவதாகக் காப்புரிமையில் எழுதியிருந்தார். மாங்கனீஸ் கல்லையும் கரியையும் நேரடியாக மூசையிலேயே போட்டால் இன்னும் மலிவு என்ற விஷயத்தைத் தன் முகவர் அன்வினிடம் அவரே சொன்னார். அன்வின் அந்த வழியில் எஃகு செய்து, இது காப்புரிமையில் இல்லாத வேறு முறை என்றார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் இறந்தார். பிரபுக்கள் சபையில் கடைசித் தீர்ப்பு வந்தது 1855இல், அதுவும் அவருக்கு எதிராக. சேலத்துக் கல்லில் தொடங்கி நீதிமன்றப் படிகளில் முடிந்த வாழ்க்கை அது. நம் ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு இருந்தால்கூட மகிழ்ச்சி அடைவேன்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் துப்பாக்கி. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டு ஏழைக் குடும்பத்துப் பையன். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவும் வேலையில் சேர்ந்தவர். படிப்படியாக வளர்ந்து பிரவுன் ஃபர்த் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். துப்பாக்கிக் குழல் உட்புறம் அரித்துப் போவதைத் தடுக்க ஒரு எஃகு தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டில் உருக்கிய ஒரு வார்ப்பில் குரோமியம் 12.8 சதவீதம், கரி 0.24 சதவீதம். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவினால் அமிலம் பிடிக்கவில்லை. இவர் மனதில் உடனே சாப்பாட்டுக் கத்தி வந்தது. ஷெஃபீல்டுக்காரர் புத்தி அப்படித்தான் போகும்.

மாதிரியைக் கத்திக்காரர்களிடம் கொடுத்தார். இதை அடிக்கவும் முடியவில்லை, துவைச்சல் வைக்கவும் முடியவில்லை, கூர் நிற்கவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று கேலிப் பெயரும் வந்தது. மோஸ்லி கம்பெனியின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் மட்டும் விடவில்லை. வினிகரில் போட்டுப் பார்த்துக் ‘கறை படாத’ எஃகு என்று பெயர் சூட்டியவரும் அவரே. அவருடைய முதல் முயற்சிகளும் சறுக்கின. பிரியர்லியே பக்கத்தில் நின்று சூட்டின் அளவைச் சொன்ன பிறகுதான் கத்தி கத்தியாக வந்தது.

இந்தச் சூடு விஷயம்தான் என் கட்டுரையின் நடுநாடி. சாதாரணக் கரி எஃகை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சிவக்கவைத்துத் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் கெட்டிப்படும். கொல்லர் கண்ணாலேயே நிறம் பார்த்து இதைச் செய்துவிடுவார். குரோமியம் நிறைந்த எஃகுக்கு 1000 டிகிரிக்கு மேல் வேண்டும். குரோமியம் கரியைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும், அந்தச் சூட்டுக்குக் கீழே போதிய அளவு விடுவதில்லை. பழகிய நிறத்தில் எடுத்து அமிழ்த்திய ஷெஃபீல்டு கைகளுக்கு மிருதுவான கத்திதான் கிடைக்கும். ஹன்ட்ஸ்மன் எஃகை மறுத்த அதே ஊர், நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்துப் பிரியர்லி எஃகையும் மறுத்தது. இரண்டு தடவையும் எஃகு கெட்டதல்ல. உலையும் சூடும்தான் புதிய எஃகுக்கு மாறவில்லை.

ஆனால் கேலியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. 0.24 சதவீதக் கரி கத்திக்குக் குறைச்சல்தான். பின்னால் கரியைக் கூட்டினார்கள். கூட்டும்போது குரோமியத்தில் ஒரு பகுதி கரியோடு சேர்ந்து கடினமான மணிகளாகிவிடும். அந்த மணிகள் தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் அவற்றுக்குள் போய்விட்ட குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. அதனால் கரி கூடினால் குரோமியமும் கூட வேண்டும்.

எது அதிக நாள் நிற்கிறது என்று ஊகமாகச் சொல்லாமல் அளந்து பார்க்கும் வேலையும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு பேரிங் கம்பெனியில் இருந்த ஹ்யூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் எஃகின் கெட்டித்தன்மையை நொடியில் சொல்லும் கருவிக்கு 1919இல் காப்புரிமை பெற்றார்கள். டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கருவியின் டயலைத் தெரியாமல் இருக்காது. நானும் பல ஆண்டுகள் அதன் முன்னால் நின்றவன்தான். ஜப்பானில் 1917இல் கே.எஸ். காந்த எஃகைக் கண்டுபிடித்த கோதாரோ ஹோண்டா, 1927இல் கத்தியின் வெட்டும் திறனை எண்ணில் சொல்லும் முறையைத் தகஹாசியோடு சேர்ந்து வெளியிட்டார். அடுக்கிய காகிதத்தின் மேல் ஒரே எடையை வைத்து, கத்தியை முன்னும் பின்னும் இழுத்து, எத்தனை தாள் அறுபட்டது என்று எண்ணுவது. ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா ஆய்வு நிலையம் இன்று பயன்படுத்தும் முறையும் இதன் உறவுக்காரன். 5 சதவீதம் மணல் கலந்த அட்டைப் பட்டைகளை இயந்திரம் 50 நியூட்டன் விசையில் கத்திமேல் அழுத்தி 40 மில்லிமீட்டர் தூரம் இழுத்து இழுத்து அறுக்கும். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை அறுபட்டது என்பதே மதிப்பெண்.

இந்தத் தேர்வில் மலிவுக் கத்தி எஃகுகள் நிற்கும் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும். கரி குறைந்த 420 கடைசி பெஞ்சு. சுவிஸ் கத்தியின் எஃகும் ஸ்வீடன் எஃகான 12 சி 27உம் அதற்கு மேலே. சீனாவின் 8 சிஆர் 13 எம்ஓவி, ஜப்பானின் ஏயூஎஸ்-8 இரண்டும் இன்னும் ஒரு படி மேலே. 440 சி அதற்கும் மேலே. டி2 முன்வரிசை. பெயரிலேயே பாதி ஜாதகம் இருக்கிறது. 8 சிஆர் 13 என்றால் கரி 0.8, குரோமியம் 13 சதவீதம். டி2வில் கரி 1.5, குரோமியம் 12 அளவு. அச்சு டைகளுக்காகப் பிறந்த எஃகு அது. கரி அத்தனை குரோமியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதை முழுமையாகத் துருப்பிடிக்காதது என்று சொல்ல முடியாது. 440இல் ஏ, பி, சி என மூன்று உண்டு. ‘ஏ’யில் கரி 0.60லிருந்து 0.75, ‘சி’யில் 0.95லிருந்து 1.20. எழுத்தில்லாமல் வெறும் 440 என்று பொறித்த கத்தியை நான் ‘ஏ’ என்றே எடுத்துக்கொள்வேன். ‘சி’யாக இருந்தால் அந்த எழுத்தைப் பொறிக்காமல் எந்த வியாபாரி விடுவான்?

பழைய கரி எஃகு இந்தத் தேர்வில் கீழ்வரிசைக்குப் போய்விடுகிறது என்பது பலருக்கு அதிர்ச்சி. தாத்தா காலத்துக் கத்தி மாதிரி வருமா என்போம். மணல் அட்டையில் தேய்மானம் மட்டும்தான் பேசும். கரி எஃகில் உள்ள இரும்பு மணிகள் குரோமிய மணிகளைவிட மிருது, அதனால் மதிப்பெண் குறைகிறது. ஆனால் அந்தக் கத்தியை மெலிசாகத் தேய்த்திருப்பார்கள், சாணைக்கல்லில் பத்து இழுப்பில் கூர் ஏறும். வீட்டில் நாம் கூர் என்று உணர்வது பெரும்பாலும் அந்த மெலிவைத்தான். அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் பல எஃகுகளைக் கேட்ரா முறையில் சோதித்து எழுதியிருக்கிறார். கூர்முனையின் கோணத்தைக் குறுக்கினாலே மதிப்பெண் வெகுவாக ஏறிவிடுகிறது என்பது அதில் எனக்குப் பிடித்த செய்தி. நல்ல எஃகில் மொண்ணைக் கோணம் வைத்தால், சுமார் எஃகில் மெல்லிய கோணம் வைத்தது அதை முந்திவிடலாம்.

கோணத்தோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே 8 சிஆர் 13 எம்ஓவியைச் சரியான உலையில் துவைச்சல் வைத்தால் ராக்வெல் அளவில் 58, 59 வரும். அவசர உலையில் 54, 55இல் நின்றுவிடும். கத்தியில் பொறித்த பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். மலிவுக் கத்திக்கு இன்னொரு சாபமும் உண்டு. கூர் வைக்கும்போது தண்ணீர் விடாமல் வேகமான பெல்ட்டில் தேய்த்தால், மெல்லிய முனை மட்டும் சூடேறிப் பதம் இறங்கிவிடும். புதுக் கத்தி ஒரு வாரத்தில் மழுங்குகிறது என்று தூக்கி எறிகிறோம். நாலைந்து தடவை கல்லில் தீட்டி அந்த வெந்த பகுதி போனால், உள்ளே நல்ல எஃகு இருப்பது தெரியும்.

சுவிஸ்காரர்கள் இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டார்கள். இபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். 1897இல் அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தார். 1909இல் இறந்த தாயார் விக்டோரியாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதன் பிரெஞ்சுச் சுருக்கமான ‘இனாக்ஸ்’ சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. விளம்பரக்காரர்கள் இந்தப் பெயர்க் கதையை மட்டும்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 1931. அந்த ஆண்டு பிரவுன் பொவேரி கம்பெனி அவர்களுக்கு முழுக்க மின்சாரத்தில் இயங்கும் துவைச்சல் கூடம் அமைத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு அலகும் ஒரே சூட்டைக் கண்டது. அவர்கள் எஃகில் கரி 0.5 சதவீதம் அளவுதான், கெட்டித்தன்மை 56 அளவு. இன்றைய ஆர்வலர்கள் அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். ஆனால் வியர்வையிலும் மழையிலும் துரு ஏறாது, முனை உடையாது, சமையலறைக் கல்லிலேயே கூர் ஏறும். வயதானவர் கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890இல் செய்த மரப்பிடிக் கத்தி இன்னொரு வழி. 1897இல் பன்னிரண்டு அளவுகளில் வந்தது. 1955இல் அலகு தானாக மடங்காமலிருக்கக் கழுத்தில் ஒரு வளையம் சேர்ந்தது. மற்றபடி உருவம் அப்படியே. அதன் கரி எஃகின் பெயர் எக்ஸ் சி 90, கரி 0.9 சதவீதம். அலகு மெலிசு. வெங்காயம் நறுக்கினால் கறுக்கும், துடைக்காவிட்டால் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். பிற்பாடு ஸ்வீடன் துருப்பிடிக்காத எஃகிலும் அதே உருவத்தில் செய்தார்கள். புதியது வந்ததால் பழையதை நிறுத்தவில்லை. ஒரே கத்தி, ஒரே பிடி, ஒரே வளையம், ஏறத்தாழ ஒரே விலை. அலகின் மேல் கார்பன் என்றோ இனாக்ஸ் என்றோ எழுதியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்தில் விற்கின்றன.